முதலில் விளக்கமா, முதலில் கணக்கா? வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களின் வகுப்பு

மாலைவகுப்பு:
வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு மாலையில் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். என் நிலைப்பாட்டை நேராகவே வைக்கிறேன். ஆசிரியர் முன்னால் நின்று முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்கும் முறையை வயது வந்தோர் வகுப்பில் கைவிட வேண்டும். அந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறப்பதில்லை. புரியாதவர் கூச்சப்படுகிறார், புரிந்தவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் வகுப்பில் எல்லோரும் வந்து உட்காரும்போதே பலகையில் ஒரு கணக்கு இருக்கும். தேய்மானம் எடுக்கும் நாளில் இப்படி எழுதுவேன்: "ஐந்து வருடம் உழைக்கும் ஓர் இயந்திரத்தை ஒருவர் வாங்குகிறார். முழு விலையையும் இந்த வருடச் செலவாகவே எழுதினால் இந்த வருட லாபம் என்ன ஆகும்? அடுத்த வருட லாபம்?" விதி எதையும் அதுவரை சொல்லியிருக்க மாட்டேன். முதலில் தனியாக எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் விளக்கத் தொடங்குவேன். செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்தாக வேண்டும் என்று அதற்குள் அவர்களே சொல்லியிருப்பார்கள். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கரும்பலகை:
இருக்கிறது. நானும் வயது வந்தவர்களுக்குத்தான் எடுக்கிறேன், மின் இணைப்பு வேலை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவருக்கு வேண்டியது தெளிவு. தெரியாத ஒன்றை அவர் முன் வைத்து "நீங்களே யோசியுங்கள்" என்றால் அவருடைய கொஞ்ச நேரத்தையும் நாம் தின்றுவிடுகிறோம்.

மனதில் ஒரே நேரத்தில் வைத்துக் கையாளக்கூடிய புதிய விஷயங்கள் மிகக் குறைவு. ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியது இதுதான்: புதிதாகக் கற்பவர்கள், தாங்களாகவே முட்டி மோதிக் கணக்குப் போடுவதைவிட, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தால் குறைந்த நேரத்தில் கற்கிறார்கள். வழிகாட்டுதலைக் குறைத்துக்கொண்டே போகும் முறைகள் தொடக்கநிலையினருக்கு ஏன் பலிப்பதில்லை என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

பேச விட்டால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், மறுக்கவில்லை. கலகலப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். மாணவர் என்ன கொண்டுபோகிறார் என்பதே என் கேள்வி.

இரவுப்பணி:
நீங்கள் இருவரும் ஆசிரியர்கள். நான் அந்தப் பெஞ்சில் உட்காருகிறவள். நாற்பதைத் தாண்டி, இரவு ஷிஃப்டுக்கு நடுவில் படிக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

முதல் நாளே எழுந்து நின்று "உங்களைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்" என்று விளையாட்டுக் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. வண்ணத் தாள் ஒட்டும் குழு வேலையும் அப்படித்தான். எதற்காகச் செய்கிறோம் என்று ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா? அதற்காக, இரண்டு மணி நேரம் திரையில் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் சொக்கிவிடும்.

எங்களுக்குள் பயம் இருக்கிறது. அதை நீங்கள் இருவருமே எழுதவில்லை. என் மகன் வயதுப் பையன் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். வேலையில் என்னிடம் கேட்டுத்தான் நாலு பேர் முடிவெடுக்கிறார்கள். வகுப்பில் மட்டும் ஒன்றும் தெரியாதவளாக ஆகிவிடுகிறேன். இதைத் தாங்கிக்கொள்ள வைக்கும் ஆசிரியரிடம்தான் திரும்ப வருவேன்.

நூலகவாசி:
சகோதரி சொன்னது வயது வந்தோர் கல்வித் துறையின் வேர். அந்தத் துறையின் அறிஞர் மால்கம் நோல்ஸ் 1970-இலேயே இதை அழுத்திச் சொன்னார். வயது வந்தவர் தன்னைத் தானே நடத்திக்கொள்பவர், அனுபவத்தோடு வருகிறார், இன்றைக்குப் பயன்படுமா என்று கேட்கிறார். ஏன் கற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இறங்குகிறார் என்பதையும் பிறகு சேர்த்தார். குழந்தைக்குச் சொல்லித்தரும் முறையை அப்படியே அவர் மேல் போட முடியாது.

பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரேய்ரே 1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் அஞ்சிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து எடுத்த சொற்களை வைத்துப் பேச்சாகத் தொடங்கிய வகுப்புகள் அவை. கேட்பவரைக் காலிப் பெட்டியாக நினைத்து நிரப்பும் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். கரும்பலகை ஐயா அந்தப் பெட்டிக்குத்தான் திரும்பப் போகிறார்.

கரும்பலகை:
இல்லை ஐயா. நோல்ஸ் 1970-இல் தன் புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே குழந்தைக்கான முறையையும் பெரியவருக்கான முறையையும் எதிரெதிராக நிறுத்தினார். 1980 பதிப்பில் அந்த எதிர்நிலையை எடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதை என்று மாற்றினார். முற்றிலும் புதியதைக் கற்கும் பெரியவருக்கு ஆசிரியர் கைப்பிடித்துக் கூட்டிப்போவது தேவைப்படும் என்ற இடத்துக்கு அவரே வந்துவிட்டார்.

ஃப்ரேய்ரேயின் வகுப்பு வெறும் பேச்சு வகுப்பு என்று நினைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். எந்தச் சொல்லில் தொடங்குவது, எந்த வரிசையில் வைப்பது என்பதெல்லாம் முன்பே ஆராய்ந்து முடிவானவை. செங்கல்லைக் குறிக்கும் "திஜோலோ" என்ற சொல்லை எடுத்து, மூன்று அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் அதன் குடும்பத்தை (தி என்றால் த, தே, தி, தோ, து) வரிசையாகக் காட்டி, அந்த அசைகளைச் சேர்த்துப் புதுச் சொற்கள் செய்ய வைத்தார். இதைவிட இறுக்கமான பாடத் திட்டம் எங்கே இருக்கிறது? பேச்சுக்குப் பின்னால் இருந்த அந்த உழைப்பைப் பலரும் விட்டுவிட்டு, பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பயிற்றுநர்:
இவ்வளவு குழப்பம் எதற்கு? படித்தால் 10% நினைவில் நிற்கும், கேட்டால் 20%, செய்து பார்த்தால் 75%, பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் 90%. எல்லாப் பயிற்சி முகாமிலும் இந்த முக்கோணத்தைக் காட்டுகிறார்கள். மாலைவகுப்பு சொல்வதே சரி.

மாலைவகுப்பு:
ஆதரவுக்கு நன்றி சார். ஆனால் அந்த எண்களை என் பக்கம் சேர்க்காதீர்கள். அந்த முக்கோணத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பு. அதில் சதவீதமே கிடையாது. பிறகு யாரோ ஒட்டியவை அவை. இப்படி முழுசு முழுசான எண்களாக எந்த ஆய்விலும் வராது என்று பார்த்தாலே தெரியும். "இவர் காட்சி வழிக் கற்பவர், அவர் செவி வழிக் கற்பவர்" என்று மாணவர்களைப் பிரித்துப் பாடம் நடத்துவதற்கும் தக்க சான்று இல்லை. பாஷ்லர் குழு 2008-இல் தேடிப் பார்த்துச் சொன்னது அது.

நம்பக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. ஃப்ரீமன் குழு 2014-இல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8%. மாணவர்கள் ஏதாவது செய்த வகுப்புகளில் 21.8%. கல்லூரி மாணவர்களைப் பற்றியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் வகுப்புகளுக்கு அது நெருங்கிய சான்று.

கரும்பலகை:
அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அதில் "ஏதாவது செய்த" என்பதற்குள் எவ்வளவோ அடங்கும். விரிவுரைக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்டு வாக்கெடுத்தாலும் சேரும், தாளில் கணக்குப் போட்டாலும் சேரும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இலிருந்து செய்ததைப் பாருங்கள்: சுருக்கமாக விளக்குவார், ஒரு கேள்வி வைப்பார், தனித்தனியாகப் பதில் தரச் சொல்வார், பிறகு பக்கத்தில் இருப்பவரை நம்ப வைக்கச் சொல்வார், மறுபடி பதில் வாங்குவார். அங்கே விளக்கம் இருக்கிறது, அதுவும் கேள்விக்கு முன்னால். விளக்கிக் காட்டு, உடனே செய்ய வை, திருத்து. நான் கேட்பது அவ்வளவுதான். நீங்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறீர்கள். சண்டை அதில்தான்.

மாலைவகுப்பு:
சரி, சண்டை எங்கே என்று தெளிவாகிவிட்டது. வரிசையைத் தெரிந்தே மாற்றுகிறேன். கல்வி ஆய்வாளர் மனு கபூர் 2008-இலிருந்து எழுதிவருவது இதைப் பற்றித்தான். முதலில் கணக்கில் மாட்டிக்கொண்டு, பிறகு விளக்கம் கேட்டவர்கள் கருத்தை ஆழமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கே தடுக்கியது என்று தெரிந்தவருக்கு விளக்கத்தின் எந்த வரி தனக்கானது என்று தெரியும்.

கரும்பலகை:
கபூர் அதைப் பள்ளி மாணவர்களிடம் பார்த்தார். பள்ளிப் பிள்ளை மறுநாளும் வந்தாக வேண்டும். நம் மாணவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் வாரமே "எனக்கு இது வராது" என்று தோன்றிவிட்டால், ஒரு நாள் வேலை அதிகம் என்பார், இன்னொரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார், பிறகு வரமாட்டார். இரவுப்பணி சொன்ன பயம் இதுதானே? படிப்பை ஒரு தடவை பாதியில் விட்டவர் மீண்டும் வகுப்புக்கு வருகிறார் என்றால் எவ்வளவு துணிச்சலைத் திரட்டிக்கொண்டு வந்திருப்பார்! அவரிடம் முதல் அரை மணி நேரத்திலேயே தோல்வியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரவுப்பணி:
உண்மை. ஆனால் தோல்வியைக் காட்டிலும் மற்றவர் பார்ப்பதுதான் என்னைச் சுடுகிறது. எனக்கு அமைந்த ஓர் ஆசிரியை தினமும் வகுப்பு தொடங்கும்போது துண்டுத் தாள் தருவார். போன வகுப்பிலிருந்து மூன்று கேள்வி. புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. மதிப்பெண் இல்லை, வாங்கிப் பார்க்கவும் மாட்டார். நாமே திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் எவ்வளவு தப்பு செய்தாலும் எனக்கு வலித்ததில்லை. பஸ்ஸில் வரும்போதே போன பாடத்தை மனதில் ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

நூலகவாசி:
அந்த ஆசிரியை செய்ததற்கு நல்ல ஆதாரம் உண்டு. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். வாரம் ஒரு முறை கூடும் மாலை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது.

இன்னொன்று. மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்தால் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். சிறுவர்களிடமே அப்படியென்றால், சொல்லைத் தேர்ந்து பேச நினைக்கும் பெரியவருக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்! பல ஆசிரியர்களுக்கு அந்த அமைதி தாங்குவதில்லை. தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

பயிற்றுநர்:
அப்படியானால் பிடித்திருக்கிறதா என்று மாணவரிடமே கேட்டு முடிவு செய்யலாமே? கடைசி நாளில் கருத்துப் படிவம் தருகிறோம்.

கரும்பலகை:
படிவம் பாதிதான் சொல்லும். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், தாங்களே முயன்று பார்த்த மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். வழுவழுப்பான விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்த உணர்வு. இது மாலைவகுப்புக்குச் சாதகம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன். சிரமப்பட வைத்தால் மாணவர் அதைக் குறையாக எண்ணுவார். அதனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று முதல் வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

மாலைவகுப்பு:
இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். ஆனால் என் வகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. சொந்தமாகக் கடை நடத்தி, பற்று வரவு எல்லாம் கைப்பழக்கமாக இருப்பவர் ஒருவர், பேரேட்டையே பார்த்திராதவர் இன்னொருவர். படிப்படியான விளக்கம் முதலாமவருக்குச் சலிப்பு. தெரிந்தவருக்கு அதிக வழிகாட்டல் தடையாகவே ஆகும் என்று நீங்கள் நம்பும் ஸ்வெல்லரும் அவர் கூட்டாளிகளுமே 2003-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரே அறையில் இருவரையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

கரும்பலகை:
முழுதும் தீர்த்த கணக்கு ஒன்று, கடைசிப் படி விட்டுப்போன கணக்கு ஒன்று, பாதி மட்டும் தீர்த்தது ஒன்று, வெறும் கேள்வி ஒன்று. நான்கையும் ஒரே தாளில் அச்சடித்துத் தருவேன். எங்கே தொடங்குவது என்பதை அவரவரே முடிவு செய்யலாம். கடைக்காரர் நேராகக் கடைசிக்குப் போவார். அவரை உதவி ஆசிரியராக மட்டும் ஆக்க மாட்டேன். அவரும் நேரம் ஒதுக்கிக் கற்க வந்தவர். பலர் இதை மறந்து, தெரிந்தவரை மற்றவருக்குச் சொல்லித்தர வைத்தே பாடத்தை ஓட்டுகிறார்கள்.

மாலைவகுப்பு:
அந்தத் தாளை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் கேள்வியை மேலே வைப்பேன், தீர்த்ததைத் தாளின் பின்பக்கம் வைப்பேன். தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டுமென்றால் திருப்பட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கரும்பலகை:
முதல் மாதத்தில் மட்டும் தீர்த்தது மேலே இருக்கட்டும். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இரவுப்பணி:
ஒரு வேண்டுகோள். ஷிஃப்டு மாறினால் நாங்கள் ஒரு வாரம் வர முடியாது. திரும்பி வரும் நாளில் அந்த மூன்று கேள்வியும் விட்டுப்போன பாடத்திலிருந்தே இருந்தால் வெறும் தாளோடு உட்கார வேண்டும். குறைந்தது ஒரு கேள்வியாவது அதற்கு முந்தைய பாடங்களிலிருந்து வையுங்கள்.

மாலைவகுப்பு:
வைக்கிறேன் அம்மா. பழையதை இடைவெளி விட்டு மறுபடி கேட்பது எல்லோருக்குமே நல்லது. இரண்டு கேள்வியாகவே வைத்துவிடுகிறேன், அடுத்த வகுப்பிலிருந்து.