பொங்கலுக்குத் திரளும் தெருவை வார்டு வேலைக்கும் திரட்டுவது எப்படி? (தர்மபுரி)

பதிவு: பென்னாகரம்_ரோடு

வணக்கம். எங்கள் பகுதி தர்மபுரி நகராட்சி எல்லைக்குள், பென்னாகரம் சாலையை ஒட்டி இருக்கிறது. ஏறத்தாழ 120 வீடுகள். பொங்கல், ஆடிக்கூழ் என்றால் தெருவே திரண்டு நிற்கும். சாக்கடை, எரியாத விளக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய மனை முள்காடாகக் கிடப்பது என்று பேச்செடுத்தால் நாலு பேர்தான் மிச்சம். வரும் பொங்கலைப் பொதுப் பொங்கலாக வைத்து, அங்கேயே ஒரு நலச்சங்கம் தொடங்கலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சங்கத்தை முதலில் பதிவு செய்ய வேண்டுமா, மனு கொடுப்பதில் தொடங்கலாமா? பகுதி சபை என்று வாக்காளர்களைக் கூட்டுகிறார்களே, அதில் நம் பேச்சு எடுபடுமா? பொங்கல் நிகழ்ச்சிக்கு யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: தபால்_பிரிவு

பதிவை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். மனு கொடுக்கச் சங்கம் தேவையில்லை, கையெழுத்துப் போட ஆள் இருந்தால் போதும். முதலிலேயே தலைவர், செயலாளர் என்று இறங்கினால் யாருக்கு எந்தப் பதவி என்பதிலேயே மாசி வந்துவிடும்.

முதல் வேலை, எந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்வது. உள்தெருச் சாலை, அதன் சாக்கடை, குப்பை, குழாய்த் தண்ணீர் விநியோகம், தெருவிளக்கு எல்லாம் நகராட்சி. விளக்கு மாட்டியிருக்கும் கம்பமும் கம்பியும் மின் வாரியம். பென்னாகரம் சாலை, சேலம் சாலை போன்ற பெரிய சாலைகளும் அவற்றின் ஓர வடிகாலும் நெடுஞ்சாலைத் துறை. உங்கள் சாக்கடை அந்த ஓர வடிகாலில் போய் விழுகிறது என்றால், அங்கே அடைப்பு இருக்கும்வரை நகராட்சி எத்தனை முறை தூர் வாரினாலும் தண்ணீர் தெருவுக்கே திரும்பும். அப்போது இரண்டு அலுவலகத்துக்கும் மனு போக வேண்டும். நகரை ஒட்டிய சில தெருக்கள் ஊராட்சிக்குள் வரும். வீட்டு வரி ரசீதில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சி என்றால் உங்களுக்கு உரியது கிராம சபை, பகுதி சபை அல்ல.

இரண்டாவது, ஒரு தாளில் ஒரு கோரிக்கை. பத்துக் குறையை ஒரே மனுவில் எழுதுவதுதான் எல்லாத் தெருவும் செய்வது. தபால் பிரிவில் அந்தத் தாளை ஏதாவது ஒரு பிரிவுக்குத்தான் அனுப்புவார்கள். சாக்கடை தூர் என்று சுகாதாரப் பிரிவுக்குப் போனால் அதிலிருக்கும் விளக்கும் பூங்காவும் அங்கேயே படுத்துவிடும். விளக்கும் சாலையும் பொறியியல் பிரிவு, குப்பையும் கொசுவும் சுகாதாரப் பிரிவு, ஆக்கிரமிப்பும் மனைப்பிரிவும் நகரமைப்புப் பிரிவு என்று தனித்தனித் தாளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

மனுவில் 'தெருவில் விளக்கு எரிவதில்லை' என்றால் யாரும் வரமாட்டார்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எந்த வீட்டு எதிரில், எவ்வளவு நாளாக என்று எழுத வேண்டும். சாக்கடைக்கு: '12ஆம் எண் வீடு முதல் 19ஆம் எண் வரை, சுமார் 60 மீட்டர், அரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது' என்று அளந்து எழுதுங்கள். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் நீர் நின்றால் அது அடைப்பாகவும் இருக்கலாம், வாட்டம் (சாக்கடையின் சரிவு) தவறாகவும் இருக்கலாம். தூர் வாரிய மறுவாரமே அதே இடத்தில் நின்றால் வாட்டம்தான். அதற்குத் தூர் வாரக் கேட்டுப் பயனில்லை, மட்டம் பார்த்துத் திருத்தக் கேளுங்கள்.

தூர் வாரும்போது இரண்டு கோளாறு வழக்கமாக நடக்கும். ஒன்று, அள்ளிய சகதியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் அது மறுபடி உள்ளே. இரண்டு நாளுக்குள் வண்டியில் அள்ள வேண்டும் என்று மனுவிலேயே சேருங்கள். மற்றது நம் பக்கத் தவறு: வண்டி ஏற்ற வீட்டு வாசலில் சாக்கடையை முழுக்கக் கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறோம், அதன் அடியில் மண்வெட்டி நுழையாது. இரண்டடி அகலத் துண்டுகளாக, தூக்க வளையம் வைத்த பலகைகளாகப் போடச் சொல்லுங்கள். இதை நம் தெருவே ஒப்புக்கொள்ளாமல் நகராட்சியைக் குறை சொல்வது நியாயமில்லை.

பகுதி சபைக்கு வருகிறேன். 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, பகுதிக்கு ஒரு பிரதிநிதி அதில் உறுப்பினர். பகுதி சபைக்கு விதியில் உள்ள நாட்கள் ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. பொங்கல் முடிந்து பத்தே நாளில் ஜனவரி 25 வருகிறது. இதைவிட நல்ல வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. பொங்கலன்று கோரிக்கையை முடிவு செய்து, 20ஆம் தேதிக்குள் மனுக்களுக்கு முத்திரை வாங்கி, 25ஆம் தேதி அந்த நகலோடு போங்கள். வெறும் வாயால் பேசினால் 'மனு கொடுங்கள், பார்க்கலாம்' என்பதோடு முடியும். முத்திரை நகல் கையில் இருந்தால், இந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம், பதில் சொல்லியே ஆக வேண்டும். இடமும் நேரமும் கவுன்சிலரிடம் பொங்கலுக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

---

பதில் 2: பந்தல்_கணக்கு

பொங்கல் நிகழ்ச்சி பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒலிபெருக்கிக்கும் தெருவில் பந்தலுக்கும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. கூம்புக் குழாய் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும். 100 பேருக்கு மேல் கூடினால், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. பொங்கலை ஒட்டி விடுமுறை வரிசையாக வருவதால், ஜனவரி முதல் வாரத்திலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கடிதத்திலேயே நிகழ்ச்சி முடிந்ததும் குப்பை வண்டி வரக் கேட்டுவிடலாம். மின்சாரத்தைத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு எடுக்காதீர்கள். அது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் வாடகை ஜெனரேட்டர்.

ஷாமியானா கம்பத்துக்காகத் தார்ச்சாலையைத் தோண்ட வேண்டாம். அந்தக் குழியில்தான் அடுத்த மழைக்குச் சாலை பெயரத் தொடங்கும். மணல் நிரப்பிய டின்னில் கம்பத்தை நிறுத்தினால் நிற்கும். 108 வண்டி போக ஒரு பக்கம் 3 மீட்டர் வழி விடுங்கள்.

200 பேருக்குத் தொன்னையில் தலா ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் என்றால் பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, வெல்லம் 5 முதல் 6 கிலோ, நெய் முக்கால் கிலோ, முந்திரி கால் கிலோ. ஒரே பெரிய பானையில் வைத்தால் அடி பிடிக்கும், மூன்று பானையாகப் பிரியுங்கள். அரிசியும் பருப்பும் குழைந்த பிறகே வெல்லம். முன்னால் போட்டால் அரிசி அப்படியே விறைத்து நின்றுவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் பல்லில் மண் கடிபடும். பாக்கு மட்டைத் தட்டு, தொன்னை, எவர்சில்வர் டம்ளர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, பொது நிகழ்ச்சியில் அது தென்பட்டால் அபராதம் உங்கள் தலையில்தான்.

இனி முக்கியமானது. மைக்கைப் பிடித்துக் குறைகளைப் பேச வேண்டாம், பாதித் தெரு எழுந்து போய்விடும். கோலப் போட்டி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தெருவின் வரைபடத்தை இரண்டு சார்ட் தாளை ஒட்டிப் பெரிதாக வரைந்து வையுங்கள். வீட்டு எண், கம்பம், குழாய் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்டிக்கர் பொட்டு மூன்று நிறம் வாங்குங்கள். சிவப்பு சாக்கடைக்கு, பச்சை விளக்குக்கு, நீலம் தண்ணீருக்கு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து ஒட்டிவிட்டுப் போகட்டும். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்களும் பிள்ளைகளும்கூட இதைச் செய்வார்கள், எந்தக் குறை முதலில் என்ற சண்டையும் இல்லை. பொட்டு அதிகம் விழுந்த மூன்று இடம் எதுவோ, அதுதான் உங்கள் மூன்று மனு. கையெழுத்துத் தாளை அங்கேயே வைத்திருங்கள். வீடு வீடாகப் பிறகு போகிற வேலை மிச்சம்.

பிறகு கூட்டம் வைக்கும்போது குழாய்த் தண்ணீர் விடும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

---

பதில் 3: ராயக்கோட்டை_ரோடு (ஓசூர்)

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது, 45 வார்டு. வாடகைக்கு இருப்பவர்கள் அதிகம், அதனால் இங்கிருந்து ஒன்று சொல்லலாம். பகுதி சபையில் உட்கார அந்தப் பகுதி வாக்காளராக இருக்க வேண்டும். வேறு ஊரில் ஓட்டு வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். முகவரி மாற்ற படிவம் 8. தெருக் கூட்டத்திலேயே இரண்டு இளைஞர்களைப் போனோடு உட்கார வைத்தால் பலருக்கு முடித்துவிடலாம். தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் இருந்தால் அறிவிப்பை அந்த மொழியிலும் ஒட்டுங்கள். அழைப்பு தன் மொழியில் வந்தால்தான் தன்னை அழைத்ததாக நினைப்பார்கள்.

---

பதிவு: பென்னாகரம்_ரோடு

மிக்க நன்றிங்க. பொட்டு யோசனையை வீட்டில் சொன்னதும் உடனே பிடித்துவிட்டது. அந்தப் பூங்கா மனைக்கு என்ன வழி? ஆளுக்கு ஆயிரம் வசூலித்து நாமே சுத்தம் செய்து, பொங்கலன்றே மரக்கன்று நட்டுவிடலாம் என்கிறார்கள். பணத்தை ஒருவருடைய போன் எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாமா?

---

பதில் 4: தானப்_பத்திரம்

இரண்டும் வேண்டாம், பொறுங்கள்.

முதலில் அந்த மனை நகராட்சி பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்கீகார மனைப்பிரிவில், சாலை போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்தும் பத்திரம் எழுதப்படாமல் கிடக்கும் மனைகள் உண்டு. அதில் நீங்கள் பணம் போட்டால் நாளை வேறொருவர் வேலி போடுவார். நகரமைப்புப் பிரிவுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'சர்வே எண் இன்னது, பூங்கா ஒதுக்கீட்டின் தானப் பத்திர நகல், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபட நகல்' என்று இரண்டு மட்டும் கேளுங்கள். 'ஏன் பராமரிக்கவில்லை' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தரத் தேவையில்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மனை நகராட்சி பெயரில் இருந்தால், மக்களும் அரசும் சேர்ந்து செலவிடும் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு. வேலி, நடைபாதை, குழாய் சேர்த்து 9 லட்சம் என்றால் உங்கள் பங்கு 3 லட்சம், 120 வீட்டுக்குப் பிரித்தால் 2,500. எல்லா வீடும் தராது, 80 வீடு என்று வைத்தே கணக்குப் போடுங்கள். பொறியாளர் மதிப்பீடு கைக்கு வரும்முன் வசூல் தொடங்காதீர்கள். தொகை மாறும், இரண்டாம் முறை கேட்டால் முதலில் கொடுத்தவர்களே கோபித்துக்கொள்வார்கள்.

தனிப்பட்ட போன் எண்ணில் வசூல் கூடவே கூடாது. நல்ல மனிதர் மேலும் சந்தேகம் விழும், அதோடு அமைப்பே முடிந்துவிடும். பதிவு தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். உறுப்பினர் 20 பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ மூன்று மாதத்துக்குள் பதிவு கட்டாயம். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மிகக் கூடாது. துணை விதியில் 'மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் வங்கியில் பணம் எடுக்கலாம்' என்ற வரி இருக்கட்டும். பெரும்பாலான சங்கம் தடுமாறுவது பதிவில் அல்ல, அதற்குப் பிறகு. ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் மாற்றமும் பதிவாளரிடம் தாக்கல் செய்யாமல் விட்டு, நாலாம் வருடம் வங்கிக் கணக்கை இயக்க முடியாமல் நிற்பார்கள். அதற்கென்றே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், ஓய்வு பெற்ற அலுவலகக் கணக்கர் யாராவது தெருவில் இருப்பார்.

மரக்கன்று பொங்கலன்று வேண்டாம். நட்ட கையோடு மழையில்லாத நாலைந்து மாதம் வருகிறது. தர்மபுரி வெயிலில் கன்றுக்கு வாரம் இருமுறை பத்து லிட்டராவது ஊற்ற வேண்டும், குடிக்கும் தண்ணீருக்கே முறை வைக்கும் தெருவில் அது நடக்காது. மனை நகராட்சி பெயரில்தான் என்று அதற்குள் உறுதியானால், பொங்கலுக்கு முள்ளை வெட்டி, இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஆறப் போடுங்கள். குப்பை எருவும் மேல்மண்ணும் நிரப்பி, புரட்டாசி மழை இறங்கியதும் நடுங்கள். புங்கன், வேம்பு, நாவல், பூவரசு இந்த மண்ணுக்குத் தாங்கும். 15 அடி இடைவெளி, மின்கம்பிக்கு அடியில் ஒன்றும் வேண்டாம். ஆடு மேயும் இடமென்றால் வேலி முதலில், கன்று அப்புறம்.

ஏப்ரல் 14 சபையையும் விடாதீர்கள். ஏப்ரல் 30க்குள் முதல் அரையாண்டுச் சொத்துவரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்த வாரம் தெருவிலேயே வரி வசூல் முகாம் நடத்த வருவாய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். வரி நிலுவை இல்லாத தெரு என்று காட்டிக்கொண்டு சபையில் சாக்கடை மனுவைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்கிறவர் குரலே வேறாக இருக்கும்.