'வீடு' படமும் அம்மாவின் சாந்துச் சட்டியும்

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவர். காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், மழை பொய்த்து மேய்ச்சலுக்கான கொறங்காடுகூடக் காய்ந்து கிடந்த ஆண்டுகளில், அப்பா கரணையைக் கையில் எடுத்துக் கொத்தனாராகவும், அவருக்கே அம்மா சித்தாளாகவும் வேலைக்குப் போனார்கள். அந்த இரண்டு கூலியில்தான் நான் 1990ஆம் ஆண்டு கோவைக்கு வந்து சிவில் டிப்ளமோ படிப்பில் சேர்ந்தேன். விடுதியில் யாராவது கேட்டால், அப்பா கட்டட வேலை எடுத்துச் செய்வதாகவும் அம்மா வீட்டில் இருப்பதாகவும் சொல்லிவிடுவேன். இரண்டாவது பதில் பொய். அதை இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறுதியாண்டில், எங்களுக்குக் கட்டுமானப் பொருள்கள் பாடம் எடுத்த ஆசிரியர், ஒரு திரைப்படச் சங்கத்தில் அந்த வார இறுதியில் 'வீடு' திரையிடுகிறார்கள், சிவில் படிக்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்றார். பாலு மகேந்திரா இயக்கி 1988இல் வெளிவந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கும், அர்ச்சனாவின் நடிப்புக்கும் தேசிய விருது பெற்றது. அதுவரை நான் பார்த்த படங்களெல்லாம் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவை. பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் ஓடும் என்பதே எனக்குப் புதிது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் ஆங்காங்கே வந்துபோனது.

கதை எளியது. சென்னையில் அலுவலகம் போகும் சுதா, தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவின் நிலத்தில் சொந்தமாகவே ஒரு வீடு கட்டிவிடலாம் என்று துணிகிறாள். கடன், அனுமதி, அஸ்திவாரம் என்று ஒவ்வொரு படியிலும் அந்தப் பெண்ணிடமிருந்து ஏதோ ஒன்று பிடுங்கப்படுவதை, குரலை உயர்த்தாமல் படம் காட்டிக்கொண்டே போகிறது. வளர்ந்துவரும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் போய், பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் இடத்தில், சொக்கலிங்க பாகவதரின் முகத்தைப் பார்த்து அரங்கில் பலர் அழுதார்கள். நான் அதற்கு முன்பே அழுதுவிட்டேன்.

என்னை அழ வைத்தவர் 'பசி' சத்யா நடித்த மங்கம்மா என்ற கட்டட வேலைக்காரப் பெண். சிமென்ட் விஷயத்தில் ஒப்பந்தக்காரர் செய்யும் திருட்டுத்தனத்தை, அங்கே கூலிக்கு வரும் அவர்தான் வெளிப்படையாகச் சொல்கிறார். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் சுதாவைச் சுற்றி நிறையப் பேர் இருக்க, அந்த வீட்டின் சுவரைப் பற்றி உண்மையான அக்கறை கொண்டவராகத் தலையில் சட்டி சுமக்கும் ஒருத்தியைத்தான் பாலு மகேந்திரா காட்டியிருந்தார். அந்தப் பெண்ணின் நடையிலும் பேச்சிலும் நான் பார்த்தது என் அம்மாவை. நான் ஒளித்து வைத்திருந்த ஒருவரை, எனக்கு முன்பின் தெரியாத ஓர் இயக்குநர் ஊரறியத் திரையில் நிறுத்தி மரியாதை செய்துவிட்டார். மறுநாள் விடுதியில் இரண்டு நண்பர்களிடம் அம்மாவைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

படத்தின் இரண்டாவது பாதிப்பு சில ஆண்டுகள் கழித்துத் திருப்பூரில் வந்தது. பனியன் தொழில் பெருகி, நகரைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஓர் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளராக இருந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒரு பெண், கணவர் இறந்தபின் தனியாகக் கடன் வாங்கி, ஒன்றே முக்கால் சென்ட் இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். செங்கல் கட்டுக்கு ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் என்று பேசியிருந்த கலவை, ஒன்றுக்கு ஒன்பதாகப் போய்க்கொண்டிருந்தது. மிச்சமான மூட்டைகள் இரவில் வேறு இடத்துக்குப் போயின. எனக்கு அது தெரியும். தெரிந்தும் சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், கலவை சுமந்துகொண்டிருந்த வயதான சித்தாள் ஒருவர் என் அருகில் வந்து, "ஏனுங் சார், அந்தப் புள்ள பாவமுங்க. சொவத்துல கையை வெச்சாப் பொடியா உதுருதுங்" என்றார். எனக்கு மங்கம்மா நேரில் வந்து நின்றதைப் போல இருந்தது. அன்று மாலையே அந்த வீட்டுக்காரப் பெண்ணின் வாடகை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் என் வேலை போயிற்று. சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்ட வைத்தார் அவர்.

அதன்பின் நானே சிறிய வீடுகளை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். முதல் வேலையிலிருந்து இன்றுவரை ஒரு பழக்கத்தை விட்டதில்லை. வந்து இறங்கும் மூட்டை, அன்று பிரித்த மூட்டை, மீதி மூட்டை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுக்காரரிடமே கொடுத்துவைப்பேன். 600 சதுர அடித் தளத்துக்கு நாலரை அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட ஏறத்தாழ 50 மூட்டை சிமென்ட் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்; தளம் போடும் நாளில் அவர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தொழிலில் இருப்பவர்கள் சிலருக்கு இது பிடிக்காது. கணக்குத் தெரியாத வீட்டுக்காரரிடம்தான் லாபம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போவதில்லை.

அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்ட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. 2003இல், அப்பா காலமான மறுவருடம், குறுந்தகடு ஒன்று கிடைத்து, ஒரு மதியம் வீட்டில் போட்டேன். அம்மா சாமான் விளக்குவதை நிறுத்திவிட்டு வந்து, திண்ணைப் பக்கத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். மங்கம்மா வரும் இடங்களில் அவர் எதுவும் பேசவில்லை. கை மட்டும் தலைக்குப் போய், சும்மாடு இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டது. இறுதியில், அந்த நிலமே குடிநீர்த் துறைக்காக எடுக்கப்பட்டது என்று தெரியவந்து, சுதா வழக்கு மன்றத்தில் காத்திருக்கும் காட்சியோடு படம் முடிந்தது. அம்மா அசையாமல் இருந்தார்.

"அந்தப் புள்ளைக்கு வீடு கெடைச்சுருமா கண்ணு?" என்று கேட்டார்.

"கேசு நடக்குதும்மா" என்றேன்.

"அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாலயே அந்த மேஸ்திரி எடத்தோட காயிதத்தை விசாரிச்சுருக்க வேண்டாமா?"

அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பத்திரம், பட்டா எல்லாம் வீட்டுக்காரரின் கவலை என்று இருந்துவிட்டேன். வில்லங்கச் சான்றில் கிரயமும் அடமானமும் தெரியும். அரசு அந்த இடத்தை எடுக்க உத்தேசித்திருக்கிறதா என்பது அதில் தெரியாமல் போகலாம். இப்போது கட்டடம் பேசி முடித்தவுடன், கிராம நிர்வாக அலுவலரிடமும் நகரமைப்பு அலுவலகத்திலும் வீட்டுக்காரரோடு நானும் போய் விசாரித்துவிட்டுத்தான் வாஸ்து பூஜைக்கு நாள் குறிக்கச் சொல்கிறேன். ஒரு முறை, சாலை அகலப்படுத்தும் திட்டத்தில் பாதி இடம் போகப்போவது அப்படித்தான் தெரியவந்தது. அந்தக் குடும்பம் முன்பணத்தோடு தப்பியது. அன்று இரவு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே, "சுதா புள்ளைக்கு அப்பவே ஆராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார்.