மறு: கைமணி விழா – ‘மாஸ்டு ரிங்கிங்’குக்கு என்ன சொல்?

நண்பர்களே, வணக்கம். கைமணி என்பது கையில் பிடித்து ஒலிக்கும் மணி; ஒரு மணிக்கு ஒரு சுரம். விழாவுக்கு வந்த கைமணிக் குழுக்களெல்லாம் சேர்ந்து ஒரே பாடலை வாசிப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘மாஸ்டு ரிங்கிங்’ என்கிறார்கள். அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘கூட்டு மணியிசை’ என்று எளிமையாக வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். கைமணிக் குழு என்பதே கூட்டுதானே. மூன்று ஸ்தாயி என்றால் 37 மணிகள்; அவற்றை 11 முதல் 13 பேர் வரை பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஆளுக்கு அடுத்தடுத்த இரண்டு சுரங்கள். ஒரு வரி மெட்டு பல கைகளைத் தாண்டித்தான் முடிகிறது. தனி ஆளாக அடித்தால் அங்கே பாட்டே இல்லை. அப்படியிருக்க, அழைப்பிதழில் ‘கூட்டு மணியிசை’ என்று போட்டால் ஒரு குழு வாசிக்கிறதா, வந்த குழுக்களெல்லாம் சேர்ந்து வாசிக்கின்றனவா என்று யாருக்குத் தெரியும்?

வட்டார விழா நடத்துகிறவர்களுக்கு வேலையே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறுவதென்றால் ஒரு மேடையும், மணிகளை மாற்றி அடுக்கக் கொஞ்சம் இடைவேளையும் போதும். எல்லாக் குழுக்களும் ஒரே ஆளின் கையசைவைப் பார்த்து ஒரே பாடலை வாசிப்பதென்றால் மண்டபத் தரை முழுக்க மேசைதான். எந்தக் குழுவுக்கு எத்தனை அடி மேசை என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டாக வேண்டும். ஐந்து ஸ்தாயிக் குழு 61 மணிகளோடு வந்து நிற்கும். பாடல் பட்டியல் சில மாதங்களுக்கு முன்பே எல்லோர் கைக்கும் போக வேண்டும், அதுவும் ஒரே பதிப்பாக.

ஒலியின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 30 மீட்டர் இடைவெளி என்றால் ஒலி போய்ச் சேர ஏறத்தாழ 0.09 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் கால் தட்டே 0.125 விநாடிதான். பின்வரிசைக்காரர் காதை நம்பினால் பாட்டு குழம்பிவிடும்; கண்ணைத்தான் நம்ப வேண்டும். தனிக் குழுவாகப் பழகியவர்களுக்கு இது புதிது. அதனால்தான் இதற்குத் தனிச் சொல் வேண்டும் என்கிறேன்.

‘ஒத்திசை’யை ஏற்கெனவே வேறு பொருள்களில் பயன்படுத்துகிறோம். ‘சேர்ந்திசை’ நல்ல சொல், ஆனால் அது கொயருக்குப் போய்விட்டது. மணிக் குழுவையே ‘மணிச் சேர்ந்திசைக் குழு’ என்று சொல்ல அது நமக்கு வேண்டும்.

நான் முன்வைப்பது ‘திரள் மணியிசை’. ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் பிறகு ‘திரளிசை’ போதும். வெண்ணெய் திரள்வதைப் போல, சிதறிக் கிடப்பவை சேர்ந்து ஒன்றாவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. திரளிசைப் பாடல், திரளிசை ஒத்திகை, திரளிசை மேசை வரைபடம் என்று ஒட்டிப் பார்த்தேன், இடறவில்லை. ‘மக்கள் திரள்’ நெடி அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், ஆங்கிலச் சொல்லிலும் அந்த நெடி உண்டு.

அமெரிக்க விழாக்கள் சிலவற்றில் எளிய பாடல்களை வாசிக்கும் பிரிவுக்கு ‘டின்’, கடினமானவற்றை வாசிக்கும் பிரிவுக்கு ‘காப்பர்’ என்று பெயர். இரண்டும் கலந்தால் மணிக்கான வெண்கலம். வெள்ளீயத் திரள், செம்புத் திரள் என்று அதையும் அழகாகக் கொண்டுவந்துவிடலாம்.

> ‘டேம்ப்’ = தணித்தல்

இதை ஏற்க முடியவில்லை. தணித்தால் ஒலி குறையும். இங்கே அது நிற்க வேண்டும். மணியின் விளிம்பைத் தோளருகே உடம்போடு ஒற்றி, அதிர்வை அங்கேயே முடிக்கிறார்கள். திரளிசையில் ஒரு குழு இதைத் தாமதமாகச் செய்தாலும் எல்லோருடைய மௌன இடைவெளியும் பாழ். ‘அமர்த்துதல்’ எப்படி? எதிர்ச்சொல் ‘ஒலிக்கவிடுதல்’. மணியை மேசைமேல் விரித்த ஃபோமில் அடித்து ஒலியெழுப்பும் ‘மார்டெல்லாட்டோ’வை அப்படியே விட்டுவிடலாம். சுரத்தாளிலும் அது இத்தாலியச் சொல்லாகத்தான் இருக்கிறது.

‘இசை நடத்துநர்’ என்பதில் மட்டும் ‘இசை’யை விட்டுவிடாதீர்கள், வெறும் நடத்துநர் டிக்கெட் கேட்பார்.

‘திரளிசை’ பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லை ‘ஒத்திகை’, ‘பாடல்’, ‘வரைபடம்’ மூன்றோடும் ஒட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம், அந்த ஃபோமுக்குச் சொல் தேட வேண்டாம். ‘மெத்தை’ போதும்.