பால்பார்க்: விளையாட்டரங்கம் போதாது, பந்துத்திடல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், பேஸ்பாலுக்கு 'அடிபந்தாட்டம்' என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஸ்டேடியம், பால்பார்க் (அடிபந்துக்கென்றே அமைந்த இடம்) இரண்டுக்குமே 'விளையாட்டரங்கம்' போதும் என்று இங்கே சொல்லப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆட்டத்தைச் சேர்ந்தவர்களே இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில், ஓரியோல்ஸ் அணியின் பால்பார்க்கான ஓரியோல் பார்க் உருவான காலத்தில், அந்த அணியின் தலைவராக இருந்த லாரி லுக்கீனோ, தன் ஆட்கள் யாராவது 'ஸ்டேடியம்' என்று சொன்னால் 5 டாலர் அபராதம் போட்டார். காரணம் இருந்தது. 1960களிலும் 70களிலும் செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா என்று ஊருக்கு ஊர் வட்டமான கான்கிரீட் கிண்ணங்களைக் கட்டினார்கள். அமெரிக்கக் கால்பந்துக்கும் அடிபந்துக்கும் பொதுவானவை. உள்ளே உட்கார்ந்தால் எந்த ஊர் என்றே தெரியாது. அவற்றை விளையாட்டரங்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பால்பார்க் வேறு. அடிபந்தில் ஆட்டக்காரர் ஓடித் தொடும் தளத்துக்குத் (பேஸ்) தளம் 90 அடி, பந்தை எறிபவர் அடிப்பவரை நோக்கி எறியும் தூரம் 60 அடி 6 அங்குலம். இவை எங்கும் மாறாது. வெளிச்சுவர் எங்கே நிற்கும் என்பதற்கு மட்டும் ஒரே அளவு கிடையாது. அதை ஊர்தான் முடிவு செய்யும். பாஸ்டனில் 1912இல் திறந்த ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் தெரு குறுக்கிட்டது. எல்லை கிட்டே வந்துவிட்டதால் இன்று அங்கே 37 அடி உயரச் சுவர் நிற்கிறது. 1992 ஏப்ரல் 6இல் திறந்த ஓரியோல் பார்க் இந்தப் பழைய வழிக்குத் திரும்பியது. வலப்பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள பழைய ரயில்வே சரக்குக் கிடங்கை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் ஆடுமிடத்துக்கும் நடுவே ஓடிய யூட்டா தெரு, நடைபாதையாகத் திடலுக்குள்ளேயே வந்துவிட்டது. புல்தரையைத் தெருமட்டத்துக்குக் கீழே இறக்கியதால் கட்டடம் அக்கம்பக்கத்து வீடுகளை அமுக்கவில்லை. புகழ்பெற்ற அடிபந்து வீரர் பேப் ரூத்தின் அப்பா நடத்திய மதுக்கடை, இன்று ஆடுமிடத்தின் வெளிப்பகுதியில் நடுவாக இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அப்புறம் கிளீவ்லாந்து 1994இல், டென்வர் 1995இல் என்று அதே பாணி பரவியது.

ஊரின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும் இந்த இடத்துக்கு நான் முன்வைக்கும் சொல் பந்துத்திடல். ஊருக்கு நடுவே கிடக்கும் வெளியைத் திடல் என்றுதானே சொல்கிறோம்? சென்னையின் தீவுத்திடல் என்ற பெயரிலேயே அந்த நிலத்தின் அமைப்பு இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு விளையாடும் இடம் என்றாலே திடல்தான். 'பந்துப்பூங்கா' சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. செடிகொடிதான் நினைவுக்கு வரும். 'பால்பார்க்' என்றே எழுதினால் முதல் பாதியைக் குடிக்கும் பாலாகப் படிக்கிறோம்.

திடல் என்றால் இருக்கையில்லாத வெட்டவெளி அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மைதானமும் வெட்டவெளிதான். இத்தனை இருக்கைகள் வந்த பிறகும் சேப்பாக்கம் மைதானம் என்றுதானே சொல்கிறோம்? சொல் இருக்கையையும் சேர்த்துச் சுமக்கப் பழகிவிடும்.

தோராயமான எண்ணை ஆங்கிலத்தில் சொல்லும் 'பால்பார்க் ஃபிகர்' தனிப் பதிவாக இருக்கட்டும். அதற்கு 'உத்தேசக் கணக்கு' ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு.

மாறாத உள்பகுதிக்கு 'உட்களம்', ஊருக்கு ஊர் மாறும் வெளிப்பகுதிக்கு 'வெளிக்களம்' என்று வைக்கலாமா? அந்த எல்லைச்சுவருக்கு 'மதில்' எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்.