ஆற்றுநீர் ஆணையங்கள்: கூட்டத்தைத் திறப்பதா, கணக்கைத் திறப்பதா?

கடைமடை:
ஒரு ஆற்றுப் படுகைக்கு ஆணையம் அமைக்கிறார்கள். அது கூடிப் பேசி, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு எண்ணை மட்டும் அறிவிக்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு வயல் காய்ந்தால், மழை குறைந்ததாலா, மேலே உள்ளவர் கூடுதலாக எடுத்ததாலா என்றுகூடத் தெரியாது. கூட்டக் குறிப்பு, பம்ப் மீட்டர் அளவு, பங்கீட்டுக் கணக்கு எல்லாமே பொதுவில் வர வேண்டும்.

தலைமதகு:
ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகை ஆணையம் 2010-இல் வரைவை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆற்றைக் காப்பாற்ற, பாசனத்திலிருந்து ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 கிகாலிட்டர் (ஒரு கிகாலிட்டர் நூறு கோடி லிட்டர்) வரை ஆற்றுக்கே திருப்புவதைப் பரிசீலித்த வரைவு அது. கிரிஃபித் ஊரில் விவசாயிகள் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். தன் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது "சரி, நாங்கள் குறைத்துக்கொள்கிறோம்" என்று எந்தப் பிரதிநிதி சொல்வார்? விட்டுக்கொடுக்கிற பேச்சு மூடிய அறையில்தான் நடக்கும்.

கடைமடை:
அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். 2012 திட்டத்தில் ஆற்றுக்குத் திருப்பும் அளவு 2,750 கிகாலிட்டராக, அதாவது சுமார் 97 டிஎம்சியாக, இறங்கியது. தெற்கு ஆஸ்திரேலிய அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2019-இல், அந்த எண்ணில் அறிவியலைவிட அரசியலே இருந்தது என்றது. அந்த எண்ணைக் கணக்கிட்ட கணினி மாதிரிகளை (மாடல்களை) வெளியிடாததையும் கடுமையாகக் கண்டித்தது.

தலைமதகு:
சட்டத்தை மீறவில்லை என்று படுகை ஆணையம் மறுத்ததே?

கடைமடை:
மறுத்தது. கணக்கு அன்றே வெளியில் இருந்திருந்தால், சரியா தவறா என்று யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஈரநிலம்:
இரண்டு பேரும் கூட்ட அறையிலேயே நிற்கிறீர்கள். அதே படுகையின் வடபகுதியில் தண்ணீர்த் திருட்டு நடப்பதாக 2017-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்ன பிறகுதான் மாநில அரசு விசாரித்தது. "மீட்டர் இல்லையா, பம்ப் ஓடக் கூடாது" என்பது அந்த விசாரணையின் முக்கியப் பரிந்துரை. தனிக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல்தான் வந்தது. எடுப்பதை அளக்காமல் பங்கு பிரித்து என்ன பயன்?

விட்டுக்கொடுப்பது பற்றி ஒன்று. ஸ்பெயினின் வலென்சியாவில் வாய்க்கால் தகராறுகளை வியாழன்தோறும் தேவாலய வாசலில், எல்லார் முன்னாலும் வாய்மொழியாக விசாரிக்கிறார்கள். நீதிபதிகள் விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். தீர்ப்பை ஏற்கத்தான் செய்கிறார்கள்.

தலைமதகு:
அது ஒரே சமவெளியின் எட்டு வாய்க்கால்கள். பக்கத்துக் காட்டுக்காரர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும். நாலு மாநிலம் தாண்டி ஓடும் ஆற்றில் அந்தக் கூச்சம் வேலை செய்யாது. தவிர, அங்கே தகராறைத் தீர்க்கிறார்கள், புதிதாகப் பங்கைக் குறைக்கவில்லை. மீட்டர் அளவைப் போடட்டும், எதிர்க்கவில்லை. ஆனால் மொத்தமாகப் போடட்டும். ஒவ்வொரு விவசாயியின் பெயரையும் போட்டால் ஊருக்குள் அடிதடி வரும்.

கடைமடை:
மொத்தக் கணக்குக்குள்தான் பெரிய பம்ப்காரர் ஒளிந்துகொள்கிறார். ஆற்றுத் தண்ணீர் பொதுச் சொத்து. சின்ன விவசாயியை விட்டுவிடுங்கள். ஒரு அளவுக்கு மேல் உரிமம் வாங்கியவர் பெயர், அனுமதித்த அளவு, எடுத்த அளவு மூன்றும் ஒரே வரியில் வரட்டும். அந்த வரம்பு எவ்வளவு என்று வேண்டுமானால் உங்கள் மூடிய அறையில் பேசி முடிவு செய்யுங்கள்.