சிஓ2 லேசருக்கு வலு சேர்த்தது வாயுக் கலவையா, சூட்டை வெளியேற்றிய விதமா?

முகில்வண்ணன்:
ஃபைபர் லேசர் (கண்ணாடி இழைக்குள் ஒளியை உருவாக்கும் லேசர்) பற்றிய விவாதத்தில் குளிர்நீர் ஒரு வரி எழுதியிருந்தார்: "சிஓ2 லேசரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது பொறியாளர்கள்; இயற்பியலாளர்கள் தொடங்கி வைத்ததோடு சரி." அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதனால்தான் இந்தத் தனி விவாதம்.

1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) வாயுவை மட்டும் வைத்து மின்னிறக்கம் செய்தபோது, அதாவது அதன் வழியே மின்சாரம் பாய்ச்சியபோது, 10.6 மைக்ரான் அலைநீளத்தில் லேசர் கிடைத்தது. ஆனால் மில்லிவாட் கணக்கில்தான். அடுத்து அவர் நைட்ரஜனைக் கொண்டுவந்தார். நைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது. எலெக்ட்ரான் மோதி அதிரத் தொடங்கினால், அந்த ஆற்றலை ஒளியாக உமிழ்ந்து இழக்க அதற்கு வழியில்லை, வைத்துக்கொண்டே சுற்றும். அதன் முதல் அதிர்வு நிலை, நிறமாலை அலகில் 2330. லேசர் ஒளியை உமிழ சிஓ2 ஏற வேண்டிய மேல் நிலை 2349. இடைவெளி 20கூட இல்லை. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றலே இதே அலகில் 200 இருக்கும். இரண்டும் மோதினாலே ஆற்றல் கைமாறிவிடுகிறது.

பிறகு ஹீலியம். மேல் நிலையை நிரப்பினால் மட்டும் போதாது, ஒளியை உமிழ்ந்தபின் சிஓ2 வந்து நிற்கும் கீழ் நிலை காலியாக வேண்டும். அங்கே தேங்கும் மூலக்கூறுகளை மோதி மோதிக் கீழே இறக்குவது ஹீலியம். 1965இல் தொடர் ஒளியே நூறு வாட்டைத் தாண்டிவிட்டது. ஒரே வருடத்தில் மில்லிவாட்டிலிருந்து நூறு வாட்! இதற்கு இணையான பாய்ச்சல் அதற்குப் பின் வந்த எந்தப் பொறியியல் மேம்பாட்டில் இருக்கிறது?

குளிர்நீர்:
முகில் சார், நூறு வாட் வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. எஃகுத் தகடு வெட்ட ஆயிரக்கணக்கில் வாட் வேண்டும். அந்த இடத்தில் கலவை கைகொடுக்கவில்லை.

சாதாரணக் கண்ணாடிக் குழாயில் மீட்டருக்கு 50 முதல் 80 வாட்தான் வரும். குழாயை அகலமாக்கினால் கூடுமே என்று தோன்றும். கூடாது. விட்டம் கூடினால் நடுவில் இருக்கும் சூடு சுவரை அடைய வேண்டிய தூரமும் கூடும். நடுப்பகுதி கொதிக்காமல் இருக்க மின்னோட்ட அடர்த்தியைக் குறைத்தாக வேண்டும். ஒன்று கூட, மற்றது குறைய, கணக்கு அதே இடத்தில் நிற்கும். ஆகவே ஆரம்ப காலத்தில் வாட் வேண்டுமென்றால் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள், மடித்து மடித்து.

உள்ளே போகும் மின்சாரத்தில் ஒளியாக வெளியே வருவது 10 முதல் 20 சதவீதம். மிச்சம் முழுக்கச் சூடு. வாயு சூடானால் நீங்கள் சொன்ன கீழ் நிலை தானாகவே நிரம்பத் தொடங்கிவிடும். அப்புறம் எத்தனை நைட்ரஜன் இருந்து என்ன பயன்?

இதை உடைத்தது, சூடு சுவருக்குப் போகும்வரை காத்திருக்காமல் வாயுவையே வேகமாக வெளியே இழுத்த வடிவமைப்பு. புளோயர் என்ற ஊதுவிசிறி வாயுவைக் குழாய் வழியே விரட்டும். அது வெப்பமாற்றியில் குளிர்ந்து மறுபடி உள்ளே வரும். அதே ஒரு மீட்டரில் 500 வாட்டுக்கு மேல் எடுக்க முடிந்தது. தொழிற்சாலைத் தகடு வெட்டும் எந்திரம் பிறந்தது இங்கேதான்.

அதற்கும் அடுத்தது ஸ்லாப். அகலமான இரண்டு செம்புத் தகடுகள், நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி, தகடுகளுக்குள் தண்ணீர் ஓட்டம். வாயுவின் எந்த மூலக்கூறுக்கும் குளிர்ந்த உலோகம் ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. புளோயரே வேண்டாம். தகட்டின் பரப்பு கூடக் கூட வாட் கூடும். நான் சர்வீஸுக்குப் போகும் இடங்களில் புளோயர் எந்திரத்தில் பேரிங் சத்தம்தான் முதலில் காதில் விழும். ஸ்லாப் எந்திரத்தில் அசையும் உறுப்பே இல்லை, கேஸ் மாற்றாமலே நீண்ட காலம் ஓடுகிறது.

முகில்வண்ணன்:
ஸ்லாப்பை நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். அந்த இடைவெளியில் இருப்பது பெரும்பாலும் என்ன? ஹீலியம். காற்றைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் வாயு. அதை எடுத்துவிட்டு நைட்ரஜனும் சிஓ2வும் மட்டும் விட்டுப் பாருங்கள். செம்புத் தகடு எவ்வளவு குளிர்ந்திருந்தும் பயனில்லை. நீங்கள் கொண்டாடும் குளிரூட்டலில் பாதி, கலவைக்குள்ளேயே இருக்கிறது.

பட்டறைக்காரன்:
அண்ணே, நான் நேம் போர்டு வேலை பண்றவன். கண்ணாடி டியூப் மெஷின்தான். ஏப்ரல், மே மாசம் மதியத்துக்கு மேல சில்லர், அதான் டியூப்புக்குப் போற தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின், திணறும். காலையில 6 மி.மீ. அக்ரிலிக் ஒரே ஓட்டத்துல இறங்கும், ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியம் அதே ஸ்பீடு, அதே பவர் செட்டிங், ஆனா அடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். ஸ்பீடைக் குறைச்சாத்தான் பீஸ் விழும். கேஸ் அதேதானே, சூடு மட்டும்தானே மாறுது? என் ஓட்டு குளிர்நீர் அண்ணனுக்கு.

ஆனா ஒண்ணு புரியல. ஸ்பேர்னு வாங்கி அலமாரியில வச்சிருந்த டியூப், ஒரு நாள்கூட ஓட்டாதது, மாட்டிப் பார்த்தப்ப பவர் கம்மியா வந்துச்சு. அதுக்கு எந்தச் சூடு காரணம்?

முகில்வண்ணன்:
நல்ல கேள்வி. அதற்குச் சூடு காரணமில்லை. ஹீலியம் அணு மிகச் சிறியது, போரோசிலிகேட் கண்ணாடிச் சுவருக்குள்ளேயே புகுந்து மெல்ல வெளியேறும். சும்மா இருந்தாலும் கலவை மாறிக்கொண்டுதான் இருக்கும். ஒட்டிய இடங்களில் நுண்கசிவு இருந்தால் இன்னும் மோசம்.

ஓடும் டியூப்பில் வேறொரு சிக்கல். மின்னிறக்கம் சிஓ2வையே உடைத்துக் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்கிவிடுகிறது. திறந்த குழாயில் புது வாயு வந்துகொண்டே இருக்கும், கவலையில்லை. மூடி முத்திரையிட்ட குழாயில் உடைந்ததை மறுபடி சேர்க்க வேண்டும். நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் விட்டமன் 1960களிலேயே கொஞ்சம் நீராவியைச் சேர்த்து மூடிய குழாயை நெடுநேரம் ஓட்டினார். செனான் சேர்த்தால் திறன் கூடுவதும் அந்த ஆய்வுகளில் வெளிவந்தது. செனான் எளிதில் அயனியாகிவிடும், மின்னிறக்கம் குறைந்த மின்னழுத்தத்திலேயே நிற்கும், எலெக்ட்ரான்களின் ஆற்றல் நைட்ரஜனை அதிரவைக்கத் தோதான அளவுக்கு இறங்கி வரும். பின்னாளில் குழாய்க்குள் தங்கப் பூச்சு வினையூக்கி வந்தது, உடைந்ததை அங்கேயே சேர்த்துவிட. நம் நண்பர் மேசை மேல் வைத்து ஓட்டும் மூடிய டியூப் சாத்தியமானதே இந்த வேதியியலால்தான். புளோயரால் அல்ல.

நிறைமதி:
முகில் சார், குளிர்நீர் அண்ணா, இருவரும் ஒரே பக்கத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். மின்னிறக்கத்தையே எப்படி நடத்துவது என்பதுதான் பல இடங்களில் முட்டுக்கட்டையாக இருந்தது. என் வேலை எக்சைமர் லேசரில் (ஆர்கான், ஃபுளோரின் போன்ற வாயுக்களிலிருந்து புறஊதாத் துடிப்புகள் தரும் லேசர்), அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வளிமண்டல அழுத்தத்தில் வாயுவை நிரப்பினால் மூலக்கூறுகள் அதிகம், ஆற்றலும் அதிகம். ஆனால் மின்சாரம் சீராகப் பரவாமல் ஒரே கோட்டில் பொறியாகப் பாய்ந்துவிடும். கனடாவில், கியூபெக் பக்கம் வால்கார்டியே பாதுகாப்பு ஆய்வகத்தில் பியூலியூ இதைத் தீர்த்து 1970இல் வெளியிட்டார். குழாயின் நீளவாட்டில் அல்லாமல் குறுக்கே மின்சாரம். வரிசையாக ஊசிமுனைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை. எந்த ஊசியும் மொத்த மின்னோட்டத்தையும் தன் பக்கம் இழுத்துவிட முடியாது. துடிப்பின் உச்சம் மெகாவாட்டில். அடுத்து, முக்கிய மின்னிறக்கத்துக்குச் சற்று முன்பு புறஊதா ஒளியால் வாயு முழுவதையும் லேசாக அயனியாக்கும் முறை வந்தது. அது இல்லாமல் இன்றைய எக்சைமர் லேசர் இல்லை.

193 நானோமீட்டர் ஆர்கான் ஃபுளோரைடு லேசரை 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் திசுவின் மேல் பாய்ச்சி, சுற்றிலும் கருகாமல் வெட்டும் என்று காட்டிய மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மற்ற இருவர் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். அவர்கள் எடுத்துக்கொண்ட திசு, விருந்தில் மிஞ்சிய வான்கோழி. இன்று லேசிக் கண் அறுவை அந்த வழியில் வந்தது.

எக்சைமரில் ஆயுளைக் கூட்டியது இன்னும் எளிய விஷயம். ஃபுளோரின் எல்லாவற்றையும் அரிக்கும். உள்ளே பிளாஸ்டிக் இருந்தால் அதோடு வினைபுரிந்து வாயுவைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு உலோகமும் பீங்கானும் மட்டும் வைத்துக் கட்டியதும் ஒரே நிரப்பலில் வெகுநாள் ஓடியது. இதைக் கலவையில் சேர்ப்பீர்களா, குளிரூட்டலில் சேர்ப்பீர்களா?

குளிர்நீர்:
மதி சொல்வதில் எக்சைமர் பகுதியை அப்படியே ஏற்கிறேன். சிஓ2வில் ஏற்கமாட்டேன். பியூலியூவின் லேசர் துடிப்புக்குத்தான். நாள் முழுக்கத் தொடர்ந்து ஓட வேண்டிய எந்திரத்தில் கடைசியில் சூடுதான் கேள்வி.

இன்றைக்கு உலகிலேயே கடினமான வேலை செய்யும் சிஓ2 லேசரைப் பாருங்கள். நெதர்லாந்து நிறுவனமான ஏஎஸ்எம்எல்லின் சிப் அச்சிடும் எந்திரத்துக்கு ஜெர்மனியின் ட்ரும்ப்ஃப் நிறுவனம் செய்து தருவது. விநாடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகள் விழும். ஒவ்வொன்றையும் ஒரு முன்துடிப்பு தட்டையாக்கும், முதன்மைத் துடிப்பு பிளாஸ்மாவாக்கும், அதிலிருந்து 13.5 நானோமீட்டர் ஒளி வரும். சராசரி வெளியீடு 20 கிலோவாட்டுக்கு மேல். சிறிய விதைத் துடிப்பு ஒன்றைப் படிப்படியாகப் பெருக்கித்தான் அங்கே கொண்டுபோகிறார்கள். அந்தப் பெருக்கிகளுக்குள் நடப்பது என்ன? அதே வேகமான வாயு ஓட்டம், அதே வெப்பமாற்றி.

முகில்வண்ணன்:
அங்கே ஏன் ஃபைபர் லேசரை வைக்காமல் சிஓ2வை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலைநீளம் நீண்டது என்பதால்தான். 10.6 மைக்ரான் ஒளி பிளாஸ்மாவின் அடர்த்தி குறைந்த வெளிப்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. அங்கே உருவாகும் 13.5 நானோமீட்டர் ஒளி சுலபமாக வெளியே வருகிறது. அந்த அலைநீளத்தைத் தருவது மூலக்கூறு. பட்டறையிலும் அதே கதைதான். ஒரு மைக்ரான் ஃபைபர் ஒளி தெளிவான அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. புளோயரை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அலைநீளம் மாறாது.

பட்டறைக்காரன்:
எனக்கு இப்ப வேண்டியது இதுதான். அடுத்த மெஷினுக்குக் கண்ணாடி டியூப்பா, இல்ல ரேடியோ அலைவரிசை மின்சாரத்துல ஓடுற ஆர்எஃப் மெட்டல் டியூப்பா?

குளிர்நீர்:
நுண்ணிய எழுத்து நிறைய பொறிப்பதாக இருந்தால் ஆர்எஃப் எடுங்கள், சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். கேஸ் தீர்ந்தால் நிரப்பித் தருவார்கள், அதற்கு ஆகும் செலவை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வெட்டு வேலைக்குக் கண்ணாடி டியூப் போதும், ஆனால் ஸ்பேர் வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், தேவைப்படும்போது தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். இன்னொன்று. மதியம் பவர் குறைகிறது என்று சில்லரை 15 டிகிரிக்கு இறக்கிவிடாதீர்கள். ஈரக்காற்று உள்ள ஊரில் டியூப் மேல் நீர் முத்துமுத்தாகப் பூக்கும், உயர் மின்னழுத்த முனையில் பொறி பாயும், கண்ணாடி போய்விடும். 20க்கு மேலேயே வைத்துவிட்டு, சில்லரின் ஃபில்டரைக் கழற்றித் தூசியைத் தட்டுங்கள்.