பியானோ மேதைக்கு அஞ்சலி, ஆனால் குழுவில் பியானோவே இல்லை. ஏன்?

பழைய_கேசட்:
எல்லோருக்கும் வணக்கம். ஜாஸ் கேட்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க்கிடம் 60-களில் ட்ரம்ஸ் வாசித்த பென் ரைலி, வயதான காலத்தில் 'மாங்க் லெகசி செப்டெட்' என்று ஏழு பேர் குழு ஒன்று வைத்து மாங்க்கின் இசையை வாசித்திருக்கிறார். 2006-ல் வந்த அவர்களுடைய பதிவை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். ட்ரம்பெட், மூன்று சாக்ஸபோன், கிடார், பாஸ், ட்ரம்ஸ். அவ்வளவுதான். பியானோ இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன், கடைசிவரை வரவே இல்லை. அஞ்சலி ஒரு பியானோக்காரருக்கு, அவருடைய வாத்தியத்தையே வெளியே வைத்துவிட்டால் எப்படி? நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ ஏமாந்த மாதிரியும் இருந்தது.

நாலாவது_தட்டு:
அசட்டுக் கேள்வியெல்லாம் இல்லை, எனக்கும் முதலில் இதேதான் தோன்றியது. யோசித்துப் பாருங்கள், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? மாங்க் விரல்களை மடக்காமல் தட்டையாக வைத்து வாசிப்பவர், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து 'நங்'கென்று அழுத்துவார், அப்புறம் சும்மா இருப்பார். அதை இன்னொருவர் செய்தால் மிமிக்ரி ஆகிவிடும். செய்யாவிட்டால் 'இது மாங்க் மாதிரி இல்லையே' என்று நாமே குறை சொல்வோம். வந்து உட்காருபவருக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்னொன்று. மாங்க்கே தன் கச்சேரிகளில் பாதி நேரம் பியானோவில் இருக்க மாட்டார்! சார்லி ரௌஸ் டெனர் சாக்ஸில் சோலோ வாசிக்கும்போது எழுந்து போய் மேடையிலேயே சுற்றிச் சுற்றி ஆடுவார். அப்போது கீழே தாங்கிக்கொண்டிருப்பது பாஸும் ட்ரம்ஸும் மட்டும்தான். ரைலி 1964-ல் சேர்ந்து 67 வரை மாங்க்கின் நாலு பேர் குவார்டெட்டில் இருந்தார், பியானோ இல்லாத மாங்க் இசை எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புதிதே இல்லை, மூன்று வருடம் இரவுக்கு இரவு அதைத்தானே வாசித்தார்.

மூணாம்_பெஞ்ச்:
நாலாவது தட்டு சொல்வதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மிமிக்ரி பயம் உண்மையென்றால் ஸ்ஃபியர் குழுவை என்ன சொல்வீர்கள்? (ஸ்ஃபியர் என்பது மாங்க்கின் நடுப்பெயர்.) அதே ரைலி, அதே ரௌஸ், பாஸுக்கு பஸ்டர் வில்லியம்ஸ், பியானோவுக்கு கென்னி பாரன். பாரன் எங்கேயும் மாங்க் வேஷம் போடவில்லை, தன் பாணியில் வழுக்கிக்கொண்டு போகிறார், கேட்க அற்புதமாக இருக்கிறது. முழுக்க மாங்க் உருப்படிகள் கொண்ட அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது 1982 பிப்ரவரி 17. மாங்க் இறந்ததும் அதே நாள்தான். இதை முதலில் படித்தபோது கட்டுக்கதை என்று நினைத்தேன்.

ஆகவே ரைலி இரண்டு வழியும் போய்ப் பார்த்தவர். பியானோவைத் தவிர்த்தது பயத்தினால் இல்லை, அந்த ஓசையை ஊதுகிறவர்களிடம் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும் ஆசையினால் என்பது என் ஊகம். அந்த செப்டெட்டில் யார் எதை வாசிப்பது என்று மாங்க்கின் உருப்படிகளைப் பிரித்து எழுதிக் கொடுத்தவர் அதில் ட்ரம்பெட் வாசித்த டான் சிக்லர். இந்த வித்தைக்கு முன்னோடியும் உண்டு: 1959 பிப்ரவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் மாங்க் பத்துப் பேர் குழுவோடு வாசித்த கச்சேரி. அதில் 'லிட்டில் ரூட்டி டூட்டி' வரும்போது, மாங்க் பழைய பதிவில் வாசித்த பியானோ சோலோவை, அந்தக் கச்சேரிக்கு இசையைப் பிரித்து எழுதிய ஹால் ஓவர்டன் அப்படியே எழுதியெடுத்து ஊதுகிறவர்கள் ஏழு பேரையும் சேர்ந்து வாசிக்க வைத்திருப்பார். ஒரு மனிதரின் பத்து விரல் ஏழு வாய்க்குப் போனது.

கும்கி:
நான் ஜாஸ் ஆள் இல்லை, பத்து வருடம் மிருதங்கம் வாசித்தவன், ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்களில் 'பாட்டுக்கு வாசிக்கிறது' என்று ஒரு பேச்சு உண்டு. சங்கதி எங்கே விழும் என்று பாடகருக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் கையைத் தூக்கிவிட வேண்டும். ரைலியிடம் அது இருக்கிறது. மாங்க்கின் 'எவிடென்ஸ்' கேட்டுப் பாருங்கள், மெட்டே அங்கொன்று இங்கொன்றாகத் தெறிக்கும், நடுவில் எல்லாம் வெற்றிடம். வேறொரு ட்ரம்மர் என்றால் அதை எல்லாம் நிரப்பித் தள்ளிவிடுவார். இந்த மனிதர் சிம்பலை மெல்ல ஓட விட்டுக்கொண்டு, ஸ்நேர் ட்ரம்மில் ஒரே ஒரு தட்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். 1966-ல் நார்வே, டென்மார்க் தொலைக்காட்சிக்காக எடுத்த படங்கள் கிடைக்கின்றன, சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் கைகளை மட்டும் பாருங்கள். அப்புறம் அந்த செப்டெட்டுக்கு வாருங்கள், பியானோ எங்கே விழுந்திருக்கும் என்று அந்தத் தட்டுகளே காட்டிக் கொடுக்கும்.

பழைய_கேசட்:
கும்கி சார் சொன்னபடி இன்று மறுபடி போட்டுக் கேட்டேன். எல்லா இடத்திலும் பிடிபடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இடத்தில் எல்லோரும் சட்டென்று நிற்க, என் விரல் தானாக மேஜையில் ஒரு தட்டு தட்டியது, அதே நொடியில் ரைலியும் தட்டினார். மனைவி திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றேன்.

மூணாம் பெஞ்ச், அந்த 'லிட்டில் ரூட்டி டூட்டி'யின் பழைய பதிவு எது? அதில் யார் ட்ரம்ஸ்?

மூணாம்_பெஞ்ச்:
1952, மூன்றே பேர், ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. 'டூட்' என்பது மாங்க் தன் சின்னப் பையனைக் கூப்பிட்ட செல்லப்பெயர், ரயில் விசில் மாதிரி பியானோவை ஊத வைத்திருப்பார், ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்தப் பையன்தான் டி. எஸ். மாங்க், அவரும் ட்ரம்மராகி 1997-ல் அப்பாவுக்காக ஒரு பெரிய குழுவோடு பதிவு செய்தார். அவருக்கு முதல் ட்ரம் செட் வாங்கிக் கொடுத்தது பிளேக்கி.